காரைதீவில் ஓர் ஆற்றுப்படை

புதியதோர் ஊருக்கு வருபவன் முதலிற் கேட்பது உறைவிடம். அது கிடைத்தபின் அவன் கேட்பது வழி. எங்கே உண்பது, எங்கே நீராடுவது, எதைக் காண்பது, எந்த வேளையில் எந்தத் தெருவைத் தவிர்ப்பது என்னும் வினாக்கள் யாவும் வழி என்ற அவ்வொரு சொல்லில் அடங்கும். உறைவிடத்துக்கு விலை பேசலாம். வழிக்கும் விலை பேசலாமா என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் பொருள். வீட்டின் ஓர் அறையையோ, கடலை நோக்கிய ஒரு சிறு மனையையோ சில நாள்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் இலங்கையின் கரையோர ஊர்களிற் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வினா சிறியதன்று.

அம்பாறை மாவட்டத்துக் காரைதீவை நாடி வருபவர்க்கு, தாம் தேடுவது எந்தக் காரைதீவு என்பதிலேயே வழிகாட்டல் தொடங்கிவிடுகின்றது. புத்தளக் கரையோரத்திலே ஒரு காரைதீவு உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முன்னாளில் அப்பெயரையே பூண்டிருந்தது. கிழக்குக் கரைக் காரைதீவோ பெயரளவிலே தீவாயினும் நிலத்தோடு ஒன்றிய ஊர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை அதனை ஊடறுத்துச் செல்கின்றது. அம்பாறையிலிருந்து சம்மாந்துறை, மாவடிப்பள்ளி ஆகிய ஊர்களைக் கடந்துவரும் வீதி அங்கே வந்து கூடுகின்றது. வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், மேற்கே நெல்வயல், கிழக்கே வங்கக் கடல். விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிலே பிறந்த ஊர் இது.

இவ்வூருக்கு வருவோர் பலதிறத்தினர். அறுகங்குடாவின் அலைச்சறுக்கு நாடி வரும் வெளிநாட்டார் இங்கிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே சென்றுவிடுவர். காரைதீவிலே தங்குவோர் பெரும்பாலும் வேறு வகையினர்: கனடாவிலும் இலண்டனிலும் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றோரின் நிலத்தைக் காட்ட அழைத்து வருவோர், கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் வழியில் ஓரிரவு தங்குவோர், உள்நாட்டிலிருந்து கடல்காண வரும் குடும்பத்தினர், ஆய்வு நோக்கி வரும் மாணவர். இவர்களெல்லாரும் பெட்டியை இறக்கி வைத்துத் தேநீர் அருந்தியபின் வீட்டாரைக் கேட்பது ஒன்றே: “இங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு? நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?” அந்த வினாவுக்கு விடைகூறும் நொடியிலே வீட்டுக்காரர் வாடகை பெறுபவர் என்ற நிலையினின்று நீங்கி, ஊரின் சார்பிலே பேசுபவர் ஆகிவிடுகின்றார்.

இவ்வாறு வழிகூறும் செயலுக்குத் தமிழ் மரபிலே ஓர் இலக்கிய வடிவமே உண்டு என்பது தமிழ் மாணவர் அறிந்தது. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின. ஆறு என்பது வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்ற வழியை எடுத்துரைக்கின்றான். சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் கூறுகையில், நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்திலே சுட்ட மீனும் தேறலும், வேலூரிலே எயிற்றியர் சமைத்த புளிச்சோறும், ஆமூரிலே உழவர் மனையிற் சோற்றோடு நண்டுக் கறியும் கிடைக்கும் என ஊர்தோறும் உணவைச் சுட்டிச் செல்கின்றது. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாமோ உணவோடு நில்லாது ஆபத்தையும் உரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறி, புதரிலுள்ள பாம்பு, கால் வழுக்கும் பாசி, யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கல் ஆகியவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லிப் பயணியைக் காக்கின்றது.

காரைதீவுக்கும் இம்மரபுக்கும் உள்ள தொடர்பு வலிந்து கூறப்படுவதன்று. ஆற்றுப்படைப் பாட்டுகளிலே வழிநடப்போர் கைகளில் உள்ள கருவி யாழ். அக்கருவி வழக்கொழிந்து போக, அதன் உறுப்புகளும் இசையும் எவ்வாறு இருந்தன என்பதைப் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் செய்திகளை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் விபுலாநந்தர். அவரது யாழ் நூல் 1947 ஆம் ஆண்டிலே கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அவ்வாண்டு யூலை மாதத்திலேயே அவர் மறைந்தார். ஆற்றுப்படைப் பாணரின் யாழை ஆராய்ந்தவர் பிறந்த ஊரிலே, வந்தவர்க்கு வழிகூறும் முறை எவ்வாறு அமைய வேண்டும் என எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதே.

ஆற்றுப்படை மரபின் உயிர்நிலை ஒன்றுண்டு. வழிகூறுபவன் தான் நடந்த வழியையே கூறுகின்றான். தான் உண்ட உணவையே புகழ்கின்றான். கேட்பவனிடமிருந்து யாதொரு கூலியையும் எதிர்பார்ப்பதில்லை. இன்றைய சுற்றுலாத் தொழிலிலே இம்மூன்றும் அருகிவிட்டன. பயணியைக் கடைக்கு அழைத்துவரும் வண்டிச் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் கடைக்காரர் கொமிஷன் கொடுப்பது நாடெங்கும் அறிந்த வழக்கம். அவ்வாறு அழைத்துச் செல்லப்படுபவர் நல்ல கடைக்குச் செல்வதில்லை. அதிகம் கொடுக்கும் கடைக்கே செல்கின்றார். கைத்தொலைபேசியிலே தோன்றும் பட்டியல்களோ வேறொரு குறையுடையன. பலரும் சென்ற இடத்துக்கே மேலும் பலர் அனுப்பப்படுகின்றனர். பெயர்ப்பலகையும் இணையப் படமும் இல்லாத வீட்டுச் சமையற்காரி அங்கே இல்லாதவள் ஆகிவிடுகின்றாள். ஐரோப்பாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறே, பெடேக்கர் என்போரின் கைந்நூல்கள் பயணிகளுக்குத் துணையாய் விளங்கின. பெடேக்கர் சிறப்புடைய இடங்களுக்கு உடுக்குறி இட்டார். உடுக்குறி பெறாத ஊரின் வழியே பயணி கண்ணை மூடிச் செல்லும் வழக்கம் அன்றே தொடங்கியது எனலாம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ஆற்றுப்படையும் புரவலனைப் புகழ்வதற்கெனப் பாடப்பட்டதன்றோ? பாணன் கூறும் வழி இறுதியிலே வள்ளலின் வாயிலிற் சென்று முடிவதால், அதுவும் ஒருவகை விளம்பரமே அன்றோ? இத்தடையில் உண்மை உண்டு. ஆயினும் அப்பாட்டுகளை ஊன்றி நோக்கின், வழியிலே சோறிடுபவர்கள் வள்ளலின் ஏவலர் அல்லர் என்பது புலனாகும். பெரும்பாணாற்றுப்படையிலே எயினர், கோவலர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பல்வகை மக்களும் தத்தம் குடியிருப்பிலே தத்தம் உணவைத் தருகின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை, பரிசிலும் இல்லை. காஞ்சியிலுள்ள இளந்திரையனைக் காண்பதற்கு முன், பயணி அவன் நாட்டு மக்கள் அனைவரின் கையாலும் உண்டுவிடுகின்றான். அரசனைப் புகழ வந்த புலவர், ஒரு குடியினரின் வாயிலோடு பயணியை நிறுத்திவிடாது எல்லாக் குடியினரின் வாயிலிலும் நிறுத்தியமையே ஈண்டுக் கருதத்தக்கது.

காரைதீவிலே வழிகூறுவோர்க்குச் சோதனையாக அமைவதும் இவ்விடமே. ஏ4 நெடுஞ்சாலையிலே சில கிலோமீற்றர் தூரத்துக்குள் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வருகின்றன. வடக்கு நோக்கிச் சென்றால் சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை. தெற்கு நோக்கிச் சென்றால் நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்குவதைப் புதியவர் கண்டறிய இயலாது. மதிலும் வேலியும் தொடர்ந்தே செல்லும். ஊரவரோ எல்லை எந்தத் தெருவில் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவர். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்னும் பழமொழி இரு சாராரிடத்தும் வழங்குகின்றது. மொழி ஒன்று, தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் உரியது, வயலும் கடலும் அடுத்தடுத்துள்ளன. எனினும் 1980களிலும் 1990களிலும் நிகழ்ந்த கலவரங்களும் கொலைகளும் இரு சாராரின் மனத்திலும் ஆழ்ந்த வடுக்களை விட்டுச் சென்றுள்ளன. ஓர் ஊரவர் மறு ஊரின் கடைக்குச் செல்லாதிருந்த காலமும் உண்டு.

அக்காலம் கழிந்துவிட்டது. ஆயினும் அக்காலத்தில் மனத்திலே வரையப்பட்ட படம் அழிந்துவிடவில்லை. விருந்தினர் கேட்கும்போது வீட்டுக்காரர் கூறும் விடையிலே அப்படம் தன்னையறியாமலே வெளிப்படுகின்றது. நம்முடைய கோயில், நம்முடைய கடற்கரை, நம்மவரின் கடை என்று பட்டியல் ஊரெல்லையோடு நின்றுவிடுமாயின், எவரையும் இகழாமலே ஒரு வேலி கட்டப்பட்டுவிடுகின்றது. வந்தவர் மூன்று நாள் தங்கி, பக்கத்து ஊரின் பெயரையும் அறியாது திரும்புவர். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ தங்குபவர்க்கு அவ்வூரார் காரைதீவைப் பற்றி ஒன்றுமே கூறாது விடுவதும் இத்தகையதே. வழிகூறாமை பகைமையன்று; ஆனால் பகைமை விட்டுச்சென்ற இடைவெளியை அது அவ்வாறே காத்து வைக்கின்றது.

ஆகவே காரைதீவு வீட்டுக்காரர் ஒருவர் நல்ல ஆற்றுப்படை கூற விரும்பின், அவர் கூறும் வழி எல்லைத் தெருவைக் கடத்தல் வேண்டும். காலையிலே கண்ணகை அம்மன் கோயிலையும் விபுலாநந்தரின் மணிமண்டபத்தையும் காட்டுபவர், மாலையிலே விருந்தினரை மருதமுனைக்கு அனுப்பலாம். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரிலே சாரமும் சேலையும் தறியிலிருந்து இறங்குவதைக் கண்டு வாங்கலாம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும் நாள்களில் வந்தவரை அங்கே அனுப்பலாம். புரட்டாதியிலே வந்தவரைப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீப்பள்ளயம் காணச் சொல்லலாம். வட்டிலப்பத்தின் சுவையைச் சாய்ந்தமருதிலே அறியலாம். எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கலாம். பெரும்போக அறுவடைக் காலமாயின் சம்மாந்துறைப் பக்கத்து வயல்வெளியைக் கண்டு வரலாம்.

இடத்தின் பெயரோடு அங்கே வழங்கும் சொல்லையும் கொடுத்தனுப்புவது சிறந்தது. “கடையில காக்கா எண்டு கூப்பிடுங்க, வெள்ளிக்கிழம மத்தியானம் போகாதீங்க, ஜும்ஆவுக்குக் கட பூட்டியிருக்கும், நோன்பு மாசத்தில பகல்ல சாப்பாடு தேடாதீங்க, பொழுதுபட்டாப்போல போங்க” என்று ஓர் அக்கா தன் விருந்தினர்க்குக் கூறுவாராயின், அச்சொற்களிலே சுற்றுலா நூல் எதுவும் தராத அறிவு உண்டு. அயலூரின் நேரத்தையும் நாணத்தையும் உறவுமுறையையும் அறிந்தவர் ஒருவராலேயே அவ்வாறு கூற இயலும். அவ்விருந்தினர் சென்று “காக்கா” என்று அழைக்கும்போது கடைக்காரர் கேட்பது ஒன்றாகவே இருக்கும்: “எங்க தங்கியிருக்கீங்க?” காரைதீவு என்ற விடை வந்ததும், அயலூரார் ஒருவர் தம்மை நம்பி ஆளனுப்பினார் என்பது அவருக்கு விளங்கும். நல்லிணக்கம் பற்றிய கூட்டங்களில் எட்டாத ஒன்று, ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தின் வழியாக எட்டிவிடக்கூடும்.

வழிகூறுவோரின் இரண்டாவது கடன், காலத்தையும் ஆபத்தையும் உரைத்தல். மலைபடுகடாம் பாம்பையும் பாசியையும் மறைக்கவில்லை. கிழக்குக் கரையிலே கடல் ஆண்டு முழுவதும் ஒரு தன்மையதன்று. சித்திரையிலிருந்து ஆவணி வரையில் அமைதியாய் இருக்கும் நீர், கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடும் பெருமழையோடும் பொங்கி எழும். கச்சான்காற்று வீசும் மாதங்களிலே நண்பகல் வெயில் தாங்கற்கரியது. எந்த இடத்திலே கடலினுள் இழுவை அதிகம், எந்த இடத்திலே சிறுவர் கால் நனைக்கலாம் என்பதை மீனவர் அறிவர். வீட்டுக்காரர் மீனவரிடம் கேட்டறிந்து கூறுதல் வேண்டும். படம்பிடித்த கடற்கரை எக்காலத்திலும் அப்படத்தைப் போலவே இருக்கும் என்று பயணி நம்பி வருகின்றார். அந்நம்பிக்கையைத் திருத்துவது வியாபாரத்துக்கு இழப்பாயினும் உயிருக்குக் காப்பு.

மழைக்காலத்து வீதியும் அத்தகையதே. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியிலே பாய்ந்த வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்ததில் மத்ரஸா மாணவர் பலர் உயிரிழந்தனர். அவர்கள் அயல்நாட்டுப் பயணிகளல்லர். இப்பகுதிப் பாதைகளிலே சென்றுவரும் பிள்ளைகள். நீர் தெளிவாய்த் தோன்றினும் இழுவை புலப்படுவதில்லை. நிலத்தவர்க்கே இக்கதியெனின், நேற்று வந்தவர் அம்பாறைக்குக் குறுக்குவழி கேட்கும்போது கூறவேண்டிய விடை யாது? “தண்ணி வத்துமட்டும் இருங்க, இன்னொரு ராவைக்குக் காசு வேணாம்” என்பதே உண்மையான விருந்தோம்பல். அவ்விடை வாடகையைக் குறைக்கின்றது. ஆனால் வழிக்கு விலை பேசாத மரபை அது காக்கின்றது.

எல்லாவற்றிலும் மேலாகக் கூறவேண்டிய வழி ஒன்று உண்டு. அது கடலை நோக்கிச் செல்லும் வழியன்று. கடலினின்று விலகி ஓடும் வழி. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபின், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலே பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் இக்கரையாருக்கு எவரும் எச்சரிக்கை சொல்லவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பும் அன்று இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்திலே மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அலை ஊரெல்லை பாராது புகுந்தது. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்த இந்தோனேசியத் தீவாகிய சிமெலூவிலோ உயிரிழந்தோர் ஏழு பேர் அளவிலேயே இருந்தனர். 1907 ஆம் ஆண்டிலே அங்கு வந்த பேரலையின் நினைவை ‘ஸ்மொங்’ என்னும் ஒரு சொல்லிலும் அதனைச் சூழ்ந்த கதைகளிலும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டி வந்தனர். நிலம் பலமாக அசைந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அச்சொல்லின் பொருள். 97 ஆண்டுகளின் பின் அச்சொல் ஒரு தீவைக் காத்தது.

அத்தகைய சொல் இக்கரையிலும் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் உறவினரைப் பறிகொடுத்தவர் இங்கே வீடுதோறும் உளர். அவர்களுக்கு அந்நாளைப் பற்றிப் பேசுவது எளிதன்று. விருந்தினரின் மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்ற எண்ணமும் வாயை அடைக்கும். ஆயினும் கடலோர அறையின் கதவுக்குப் பின்னே, எச்சரிக்கை ஒலித்தால் எந்த வீதியால் மேற்கே செல்லல் வேண்டும், எந்த இடத்தில் நிற்றல் வேண்டும் என ஓர் எளிய படம் ஒட்டப்பட்டிருக்குமாயின், அது உணவகப் பட்டியல் அனைத்தையும் விடப் பயனுடையது.

மூன்றாவது கடன் கூறாமை. எதைச் சொல்வது என்பதைப் போலவே எதைச் சொல்லாது விடுவது என்பதும் ஆற்றுப்படையின் பாற்பட்டதே. கிழக்கிலங்கைக் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசித் திங்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, அடியாரின் நோன்போடும் நேர்த்தியோடும் கூடியது. அங்கே வருபவர் வணங்கலாம். ஒதுங்கி நின்று காணலாம். அதனைக் காட்சிப்பொருளாக்கிப் படம்பிடிக்கப் பரிந்துரைப்பது வீட்டாரின் உரிமையன்று. சடங்கு அவருக்கு மட்டும் சொந்தமானதன்று. கரைவலை இழுக்கும் இடத்திலே விருந்தினர் நின்று பார்க்கலாமா என்பதும் வலைக்குரியவரைக் கேட்டே சொல்லப்படல் வேண்டும். அவருடைய தொழிற்களம் பிறருடைய பொழுதுபோக்குக் களமாக மாறுவதற்கு ஒரு பருவகாலம் போதும். உடை, மது, இரவு நேரத்து ஆரவாரம் என்பன பற்றி விருந்தினரிடம் முன்னரே பேசாது விடுவதால், அயலவர் முகஞ்சுளிக்கும் நிலை ஏற்படுகின்றது. அச்சுளிப்பு ஊர்களுக்கிடையே பழைய ஐயங்களை எழுப்பவும் கூடும்.

ஐயம் இக்கரையிலே எளிதிற் கிளரும் என்பதற்குக் காரணம் உண்டு. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின், ஏப்ரல் 26 ஆம் நாள் சாய்ந்தமருதிலே குண்டுகள் வெடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டது, புதியவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டிலேயே. அவ்வீட்டார்மீது ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் மக்களே என்பதை மறத்தலாகாது. 2024 ஒக்ரோபரிலே அமெரிக்கத் தூதரகம் அறுகங்குடாவைத் தவிர்க்குமாறு தன் நாட்டவருக்கு விடுத்த ஓர் எச்சரிக்கை, அவ்வூரை உலகின் செய்தியாக்கியது. தொலைவிலிருந்து வரும் சொல்லுக்கே இத்துணை ஆற்றல் உண்டாயின், வாசலிலிருந்து கூறப்படும் சொல்லின் பொறுப்பு எத்துணைப் பெரிது! விருந்தினர் யார் என்பதை அயலவர் அறியவும், அயலவர் யார் என்பதை விருந்தினர் அறியவும் செய்பவர் வீட்டுக்காரரே. பதிவேட்டிலே பெயரெழுதுதல் சட்டத்தின் தேவை. அடுத்த வீட்டாரிடம் அழைத்துச் சென்று “நம்மட வீட்டுக்கு வந்தாக்கள்” என்று அறிமுகம் செய்தலோ ஊரின் தேவை. ஐயத்தைத் தணிப்பதில் இரண்டாவது முதலாவதை விடக் குறைந்ததன்று.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பாரும் உளர். கடன்பட்டு அறை கட்டியவர் கொமிஷனை எவ்வாறு மறுப்பார்? ஓய்வு நாடி வந்தவர்க்கு ஊரின் வரலாறு எதற்கு? இவ்வினாக்கள் நியாயமானவை. வறுமையுள்ளவரிடம் துறவை எதிர்பார்ப்பது அறமாகாது. ஆயினும் கணக்கை நோக்கினாலும் விடை வேறாகாது. ஏமாற்றப்பட்டவர் மீண்டும் வருவதில்லை, பிறரையும் அனுப்புவதில்லை. எந்தக் கடைக்காரரிடம் பங்கு பெறப்படுகின்றது என்பதை மறையாது சொல்லிவிட்டு, அதனோடு பங்கு தராத நல்ல கடையையும் சொல்லுதல் எவர்க்கும் இயலக்கூடியது. வரலாற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்தக் கடையில் எந்தப் பெயரால் அழைப்பது என்ற ஒரு குறிப்பிலேயே வரலாறு அடங்கிவிடும்.

விருந்து என்னும் தமிழ்ச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்பர். புதிதாக வந்தவர் என்பதனாலேயே ஒருவர் விருந்தினர் ஆகின்றார். அவர் காசு கொடுத்தாரா இல்லையா என்பது அச்சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. காரைதீவிலும் அதன் அயலூர்களிலும் அறை வாடகைக்கு விடுவோர் சிலரேனும் ஒன்றுகூடி, ஒரே தாளிலே இரு சாராரின் ஊர்களையும் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படியெடுத்து, ஒவ்வோர் அறையிலும் வைப்பது பெருஞ்செலவுடைய காரியமன்று. சாய்ந்தமருதின் உணவைக் காரைதீவாரும், காரைதீவின் கோயிலொழுக்கத்தைச் சாய்ந்தமருதாரும் எழுதித் தருவது பொருந்தாது. அவரவர் ஊரை அவரவரே எழுதித் தருதல் வேண்டும். அதற்காக ஒருவர் மற்றவர் வீட்டு வாசலுக்குச் சென்று கேட்கவேண்டி வரும். அத்தாளினால் விருந்தினர் பெறும் நன்மைக்கு முன்னதாகவே, எழுதியவர்கள் பெற்றுவிடும் நன்மை அது.

பரிசில் பெற்றவனே பிறனுக்கு வழிகூறுகின்றான் என்பது ஆற்றுப்படையின் இலக்கணம். காரைதீவிலே நன்கு தங்கிச் சென்றவர், ரொறன்ரோவிலோ கொழும்பிலோ தம்மைப் போன்ற ஒருவர் எதிர்ப்படும்போது கூறப்போகும் சொற்கள் யாவை? கடல் அழகு என்று மட்டும் கூறுவாராயின், அதை எந்தக் கரையைப் பற்றியும் கூறலாம். “காரைதீவில தங்கு, பின்னேரம் சாய்ந்தமருதுக்கு நடந்து போ, அங்க ஒரு காக்காட கட இருக்கு, காரைதீவு அக்கா அனுப்பினா எண்டு சொல்லு” என்று அவர் கூறுவாராயின், அவ்வழி நெடுங்காலம் அடைபடாது.